வாசிகசாலைத் திண்ணையும் தேவாலய வாசலும்

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வன்னியிலிருந்து வந்த கடிதங்களை ஒன்றாக எடுத்துக்கொண்டோம். கத்தோலிக்கர், மெதடிஸ்தர், அங்கிலிக்கர், தென்னிந்திய திருச்சபையார், பெந்தெகொஸ்தே சபையார் என்று எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இருப்பவர் திங்கள் தொடக்கம் சனி வரை ஊரோடு எப்படிச் சேர்ந்து நடப்பது என்பதுதான் பெரும்பாலான கடிதங்களின் கேள்வி. எழுதியோரின் பெயரைத் தவிர்த்து ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

"மதச்சார்பற்ற பண்பாட்டைத் திருச்சபை சந்திக்க வேண்டும்" என்று கருத்தரங்குகளில் சொல்கிறார்கள். வன்னியில் ஏது அப்படி ஒன்று? இங்கே நாத்திகம் கதைக்கிறவனும் வட்டாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகிறான், மடு மாதாவுக்கு நேர்த்தி வைக்கிறான்.
– வாசகர், மாங்குளம்

ஐரோப்பாவில் கண்ட மதச்சார்பின்மையை இங்கே தேடினால் கிடைக்காதுதான். ஆனால் ஒரு கொப்பியை எடுத்து உங்கள் வீட்டின் ஒரு வாரத்தை மணிக்கணக்கில் எழுதிப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணித்தியாலம். பாடசாலைக்கு 30 போகும். பிறகு ரியூசன், வயல், கந்தோர், விளையாட்டுக் கழகம், கமக்காரர் அமைப்பு, மாதர் சங்கம், லீசிங்காரன் வரும் நாள், எல்லாவற்றுக்கும் மேலே போன். தேவாலயத்துக்கு இரண்டு மணித்தியாலம் தேறினால் பெரிய விசயம். மற்ற நேரமெல்லாம் கடவுளை யாரும் மறுப்பதில்லை. அந்தப் பேச்சை எடுக்காமலே வேலை நடக்கிறது. எங்கள் ஊர்களில் மதச்சார்பின்மை இந்த உருவத்தில்தான் இருக்கிறது.

இதைக் கண்டு பதறத் தேவையில்லை. இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகத்துக்கு எவ்வளவு ஏக்கர் விதைப்பது என்று முடிவெடுக்கும் கூட்டத்துக்கு வேத வசனம் வேண்டியதில்லை. குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்ற சரியான கணக்குத்தான் வேண்டும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பரில் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்ற ஏட்டின் 36ஆம் பத்தி இதைத்தான் சொல்கிறது: உலக காரியங்களுக்கு அவற்றுக்கே உரிய ஒழுங்கு உண்டு, அதை மதிப்பது விசுவாசத்துக்கு முரண் இல்லை. சீர்திருத்த சபையாருக்கு எரேமியா 29:7 போதும். நாடு கடத்தப்பட்டவர்களுக்கே, நீங்கள் கொண்டுபோகப்பட்ட நகரின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று எழுதப்பட்டது.

எதை ஏற்பது, எங்கே கோடு போடுவது என்று கேட்டால் தானியேலின் முதலாம் அதிகாரத்தை ஒருமுறை மெதுவாக வாசியுங்கள். பாபிலோனியப் பெயரை ஏற்றான், பாபிலோனியப் படிப்பை ஏற்றான், அரச வேலையையும் ஏற்றான். சாப்பாட்டு மேசையில் மட்டும் கோடு போட்டான். அதையும் அதிகாரியோடு சண்டை பிடித்துப் போடவில்லை. பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று கேட்டுத்தான் போட்டான்.

கம்பசுக்குப் போன மகன் கடவுள் இல்லை என்கிறான். லீவில் வந்தால் கோயிலுக்கு வருவதில்லை. சபையில் சிலர் அவனைக் கூட்டிவந்து விடுதலை ஜெபம் (பேய் ஓட்டும் ஜெபம்) செய்யச் சொல்கிறார்கள். என்ன செய்ய?
– ஒரு தாய், கிளிநொச்சி

அம்மா, அந்த ஜெபத்தை முதலில் நிறுத்துங்கள். நம்பாமை பேய் பிடித்ததல்ல. கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனால் அடுத்த லீவுக்கு வீட்டுக்கே வரமாட்டான். இரண்டாவது, சபையின் வட்ஸ்அப் குழுவில் ஜெபக் குறிப்பாக அவன் பெயரைப் போட்டிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் சபையை வெறுக்கும் காரணங்களில் இதுவும் ஒன்று, பெரியவர்களுக்கு இது விளங்குவதே இல்லை.

இனி, அவன் சொல்லும் 'இல்லை'க்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நாங்கள் காண்பது மூன்று வகை.

ஒன்று, அறிவுக் கேள்வி: பரிணாமம், பிரபஞ்சத்தின் தொடக்கம், வேதாகமத்தின் வரலாறு. இது இருக்கிற மூன்றிலும் இலகுவானது. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இல் எழுதிய ஜோர்ஜ் லெமேத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு. பட்டாணியை வைத்துப் பரம்பரை விதிகளைக் கண்டு 1866இல் வெளியிட்ட மெண்டல் ஒரு துறவி. மனித உடலின் தோற்றத்தைப் பரிணாமக் கோணத்தில் ஆராயத் தடையில்லை என்று பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1950இலேயே எழுதிவிட்டார் என்பதைக் கத்தோலிக்க வீடுகளில் பலர் அறியார். சீர்திருத்த சபைகளுக்குள் இதில் பல கருத்துண்டு. அந்த வேறுபாட்டையும் மறைக்காமல் சொல்லுங்கள். தெரியாத கேள்விக்கு "தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்று சொன்னால் உங்கள் மதிப்புக் குறையாது. தெரியாததை அடித்துச் சொன்னால் அவன் கையிலுள்ள போனில் அரை நிமிடத்தில் பிடித்துவிடுவான்.

இரண்டாவது, சபையைப் பார்த்து வந்த வெறுப்பு: கணக்குக் காட்டாத காணிக்கை, சாதி பார்த்துக் கொடுத்த இருக்கை, பிரசங்கத்தில் ஒன்று வீட்டில் ஒன்று. இதற்குத் தத்துவம் பேசாதீர்கள். உண்மையென்றால் ஒத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் பகுத்தறிவு இயக்கத்தின் பெரிய பெயரான ஆபிரகாம் கோவூர் (1898–1978) திருவல்லாவில் மார்த்தோமா திருச்சபைக் குருவின் மகனாகப் பிறந்தவர், யாழ்ப்பாணத்தில் தாவரவியல் படிப்பித்தவர். குருமனையில் பிறந்தவர்களும் இந்த வழியில் போயிருக்கிறார்கள். அதனால் இதை உங்கள் வளர்ப்பின் பிழையென்று எடுக்காதீர்கள்.

மூன்றாவதுதான் வன்னிக்கே உரியது. 2009இன் இறுதிப் போரைக் கண்ட வீட்டில் வளர்ந்த பிள்ளை "அப்போது கடவுள் எங்கே இருந்தார்" என்று கேட்டால் அது விவாதம் இல்லை. அதற்கு ஒரு வசனத்தை எடுத்து நீட்டுவது காயத்தில் மிளகாய்த்தூள் போடுவது. யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாளும் ஏழு இரவும் ஒன்றும் பேசாமல் அவனோடு நிலத்தில் இருந்தார்கள் (யோபு 2:13). அதுவரை நன்றாகத்தான் செய்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் பிழைத்தது.

நடைமுறையில்: விருந்தினர் முன் இந்தக் கதையை எடுக்காதீர்கள். சாப்பாட்டை, செலவுக் காசை இதோடு முடிச்சுப் போடாதீர்கள். "கோயிலுக்கு வா" என்பதை விட்டு, கோயில் செய்யும் ஒரு வேலைக்குக் கூப்பிடுங்கள். திருவிழாவுக்கு வயர் இழுக்க, இரத்ததானத்துக்குப் பதிவு எடுக்க என்று கூப்பிட்டால் அநேகமாக வருவான். நித்திரை குறைந்து, சாப்பாடு குறைந்து, ஆட்களோடு கதைக்காமல் அறைக்குள்ளேயே இருந்தால் மட்டும் விசயம் வேறு; தேசிய மனநல உதவிச் சேவை 1926க்கு அடியுங்கள், அல்லது பக்கத்து ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

எங்கள் வாலிபர் சங்கம் வாசிகசாலையில் ஒரு திறந்த கலந்துரையாடல் வைக்க யோசிக்கிறது. எல்லாச் சமயத்தாரும் சமயமில்லாதவரும் வர வேண்டும். எப்படிச் செய்தால் சரிவரும்?
– வாலிபர் சங்கச் செயலாளர், முல்லைத்தீவு

வாசிகசாலையைத் தெரிவுசெய்தது நல்லது. தேவாலய மண்டபத்தில் வைத்தால் பாதிப்பேர் வாசலோடு நின்றுவிடுவார்கள். ஆனால் ஒன்று கேட்கிறோம்: உங்கள் சங்கத்தில் எத்தனை பேர் அந்த வாசிகசாலையை நடத்தும் சனசமூக நிலையத்தின் சந்தா கட்டிய அங்கத்தவர்? ஒருவரும் இல்லையென்றால் கலந்துரையாடலை நாலு மாதம் தள்ளிப்போட்டு முதலில் அங்கத்தவராகுங்கள், சிரமதானத்துக்குப் போங்கள், வருடப் பொதுக்கூட்டத்தில் பின்வரிசையில் இருங்கள். மண்டபத்தை வாடகைக்கு எடுக்கும் வெளியாளுக்கும் அங்கத்தவருக்கும் ஊர் கொடுக்கும் காது வேறு.

தலைப்பு. "கடவுள் உண்டா?" என்று தொடங்காதீர்கள். ஊருக்கே வலிக்கிற ஒன்றை எடுங்கள்: நுண்கடன், ஐஸ் போதைப்பொருள், வெளிநாட்டுப் பயண முகவர்கள். நுண்கடன் என்றால் ஒரு பேச்சாளர் சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வரட்டும். மாதக் கட்டணத்தையும் உண்மையான வருட வட்டியையும் வெண்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டத் தெரிந்தவராக இருக்க வேண்டும். இரண்டாவது பேச்சாளர் உங்கள் பக்கத்திலிருந்து. அவர் யாத்திராகமம் 22ஐ (விடுதலைப் பயணம் என்பதும் அதுதான்) எடுக்கலாம்: ஏழைக்குக் கடன் கொடுத்தால் வட்டிக்காரன்போல் நடக்காதே, அடகுக்கு வாங்கிய மேற்போர்வையைப் பொழுது படுமுன் திருப்பிக் கொடு, இரவில் அவன் எதைப் போர்த்துப் படுப்பான்? நகை அடகு வைத்த ஊரில் இதற்கு விளக்கவுரை தேவைப்படாது.

நேரம் பின்னேரம் 4.30 தொடக்கம் 6 மணி வரை. காலபோக அருவி வெட்டு (அறுவடை) நாட்களையும் பரீட்சை மாதங்களையும் தவிருங்கள். அனுமதிக் கடிதத்தை இரண்டு கிழமைக்கு முன் நிர்வாகத்திடம் கொடுங்கள். அதில் எந்தச் சபை கூப்பிடுகிறது என்று மறைக்காமல் எழுதுங்கள். பிறகு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் நல்ல நிகழ்ச்சியும் சதியாகத் தெரியும். கதிரை 30 போதும், குதிரைலாட வடிவில் போடுங்கள். வரிசையாகப் போட்டால் வந்தவர்கள் பிரசங்கம் கேட்கும் முகத்தோடு இருப்பார்கள். ஒவ்வொரு பேச்சுக்கும் 15 நிமிடம், நேரம் பார்க்க ஒரு ஆள். மிச்சம் ஒரு மணித்தியாலமும் கேள்விக்கு.

கேள்விகளை எழுதி வாங்குங்கள். ஏ4 தாளை நாலாக வெட்டினால் 10 தாளில் 40 துண்டு, பத்துப் பேனை, மூடியில் வெட்டுப் போட்ட ஒரு மா ரின். எழும்பி நின்று கேட்கச் சொன்னால் வாத்தியாரும் சங்கத் தலைவரும் மட்டுமே கேட்பார்கள். கடன் எடுத்த பெண்பிள்ளை வாய் திறக்காது. துண்டில் எழுதச் சொன்னால் முதல் வரும் கேள்வியே அவளுடையதாக இருக்கும். உங்களைத் தாக்கும் துண்டையும் ("உங்கள் சபை மட்டும் தசமபாகம் வாங்கவில்லையா?") அப்படியே வாசியுங்கள். ஒன்றை ஒளித்தீர்கள் என்று தெரிந்தால் மற்ற 39க்கும் மதிப்பில்லை. பதில் தெரியாதவற்றைப் பலகையில் எழுதி, எந்தத் திகதிக்குள் பதில் ஒட்டப்படும் என்றும் போடுங்கள்.

எங்கே பிழைக்கிறது? பெரும்பாலும் கடைசிப் பத்து நிமிடத்தில். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்க ஒரு மூப்பர் எழும்பி, "இப்போது கண்களை மூடுவோம், ஏற்றுக்கொள்ள விரும்புவோர் கையை உயர்த்துங்கள்" என்பார். வந்தவர்களுக்குக் கண்ணி வைத்துப் பிடித்ததுபோல் இருக்கும். அடுத்த கூட்டத்துக்கு உங்கள் ஆட்கள் மட்டுமே வருவார்கள். அந்த மூப்பரிடம் முதல்நாளே கதைத்து வையுங்கள். போனில் ஒளிப்பதிவு செய்வதும் வேண்டாம். கமெராவைக் கண்டால் கடன் எடுத்தவர் அதைப் பற்றிக் கதைக்க மாட்டார். தேநீரோடு துண்டுப்பிரசுரம் வேண்டவே வேண்டாம்.

இது விசுவாசத்தை ஒளிப்பதாகாதா என்று உங்களுக்குள் ஒருவர் கட்டாயம் கேட்பார். "நான் கிறிஸ்தவன், அதனால் கடனை இப்படிப் பார்க்கிறேன்" என்று பேச்சாளர் ஒருமுறை தெளிவாகச் சொன்னால் போதும், அதற்கு மேல் ஒளிக்க ஒன்றுமில்லை. பவுல் ஏதென்சில் முதலில் சுற்றித் திரிந்து பார்த்தார், அவர்களுடைய புலவர்களின் வரியையே எடுத்துச் சொன்னார் (அப்போஸ்தலர் அல்லது திருத்தூதர் பணிகள் 17:23, 28). அந்தப் புலவர்களில் ஒருவர் பவுலின் மாகாணமான சிலிசியாவைச் சேர்ந்த ஆராத்தஸ். பேச்சு முடிந்ததும் சிலர் பகிடி பண்ணினார்கள், சிலர் இன்னொரு நாள் கேட்கிறோம் என்றார்கள், சிலர் சேர்ந்துகொண்டார்கள். "இன்னொரு நாள் கேட்கிறோம்" என்ற பதில் உங்களுக்குக் கிடைத்தாலே முதல் கூட்டத்துக்கு அது நல்ல அறுவடை.

எங்கள் சபையின் ஒலிபெருக்கியால் அயலவர் பொலிசுக்குப் போய்விட்டார்கள். இது துன்புறுத்தல் இல்லையா?
– சபை அங்கத்தவர், வவுனியா

இல்லை. உயர் நீதிமன்றம் 2007இல் ஒலிபெருக்கி வழக்கொன்றில் இரவு 10 தொடக்கம் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக இடமில்லை என்று சொல்லிவிட்டது. விசேட நாட்களுக்குப் பொலிசின் அனுமதி எடுக்க வேண்டும். இது எல்லாச் சமயத்துக்கும் ஒன்றுதான். சட்டத்தை விடுங்கள், பக்கத்து வீட்டில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிறதா, இரவு பஸ் ஓடிவிட்டுப் பகலில் படுக்கிறவர் இருக்கிறாரா என்று போய்க் கேட்டீர்களா?

பெரும்பாலான சபைகளில் சத்தம் கூடுவதற்குக் காரணம் பக்தி இல்லை, தகரக் கூரை. தகரமும் சீமெந்துச் சுவரும் எதிரொலிக்க, வார்த்தை குழம்பும். விளங்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டுவார்கள், எதிரொலி இன்னும் கூடும், பிறகு விசில் அடிக்கும். செய்ய வேண்டியது எதிர்ப்பக்கம். கூரையில் கட்டிய புனல் ஸ்பீக்கரைக் கழற்றுங்கள். அது தூரத்துக்கு அனுப்பச் செய்தது, உள்ளே இருப்பவருக்கு அதனால் பிரயோசனம் இல்லை. நூறு பேர் இருக்கும் மண்டபத்துக்கு இரண்டு பெட்டி ஸ்பீக்கர் தாராளம். அவற்றை இருப்பவர் தலைக்குச் சற்று மேலே, பின்வரிசையைப் பார்த்துச் சரித்து, மைக் நிற்கும் கோட்டுக்கு முன்னால் வையுங்கள். மைக்குக்குப் பின்னால் இருந்தால் விசில் நிச்சயம். மைக் வாயிலிருந்து நாலு விரல் தூரத்தில் இருக்கட்டும். ஒரு முழம் தள்ளிப் பிடித்தால் சத்தத்தைக் கூட்டத்தான் வேண்டிவரும். அடித்தொனியைக் குறையுங்கள். பின்சுவரில் தடித்த திரைச்சீலை தொங்கவிட்டால் வித்தியாசம் உடனே தெரியும்.

பிறகு ஆராதனை நடக்கும்போது ஒருவர் அயலவர் படலையில் போய் நிற்கட்டும். பிரசங்கத்தின் சொற்கள் விளங்கினால் இன்னும் குறையுங்கள். "சைவக் கோவிலிலும் போடுகிறார்களே" என்பீர்கள். உண்மைதான். உங்களுடையதைக் குறைத்த பிறகு கோயில் பரிபாலன சபையிடம் போய், பரீட்சை மாதத்தில் இரு பகுதியும் குறைப்போமா என்று கேளுங்கள். குறைக்க முதல் போனால் எடுபடாது.

ஞாயிறு காலையில் ரியூசன், கிரிக்கெற் சுற்றுப்போட்டி. பிள்ளைகளை எதற்கு அனுப்புவது?
– தகப்பன், அடம்பன்

கத்தோலிக்கரென்றால் சனி மாலைத் திருப்பலியும் ஞாயிறு கடமையை நிறைவேற்றும் (திருச்சபைச் சட்டம் 1248). பங்குத்தந்தையிடம் மாதத்தில் இரண்டு சனியாவது கேட்டுப் பாருங்கள். மற்றச் சபைகள் காலை 6 மணி ஆராதனை ஒன்று வைத்தால் 8 மணிப் போட்டிக்குப் பிள்ளை போகலாம். சுற்றுப்போட்டி அட்டவணை போடும் கூட்டத்தில் உங்கள் ஆள் ஒருவர் இருந்தால் பாதிப் பிரச்சினை வராது. கழகத்தில் அங்கத்தவரும் இல்லை, அட்டவணை மட்டும் பிழை என்றால் யார் கேட்பார்?

சினிமாப் பாட்டு மெட்டில் வேத வரிகள் போட்டு யூரியூப்பில் ஏற்றினோம். இளைஞர் விரும்புகிறார்கள், ஆனால் யூரியூப் பிரச்சினை தருகிறது. பெரியவர்கள் மெட்டே பாவம் என்கிறார்கள்.
– பாடகர் குழு, ஒட்டுசுட்டான்

பாவம் என்பது பெரிய சொல். ஊரில் ஓடிக்கொண்டிருந்த வடிவத்தை எடுத்துக் கிறிஸ்தவம் பாடுவது தமிழுக்குப் புதிதில்லை. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) அரண்மனைகளில் ஆடிய குறவஞ்சியை எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். ஆனால் அவர் எடுத்தது வடிவத்தை. நீங்கள் எடுத்தது இன்னொருவர் இசையமைத்த மெட்டை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆக்கியவர் வாழும்வரையும் இறந்து 70 வருடம்வரையும் அது பாதுகாக்கப்பட்டது. வரியை மாற்றினாலும் மெட்டு அவருடையதுதான்.

யூரியூப்பில் இரண்டு வகை உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். தானியங்கியாகப் பிடித்து வரும் உரிமைக் கோரலால் சனல் போகாது. விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும், அல்லது வீடியோ சில நாடுகளில் தெரியாது. பதிப்புரிமை எச்சரிக்கை அப்படியில்லை. 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சனலே மூடப்படலாம், ஐந்து வருடத் திருவிழா வீடியோவும் அதோடு போய்விடும். சட்டத்தை விட்டாலும் இன்னொரு இடைஞ்சல் இருக்கிறது: மெட்டு தொடங்கியதும் கேட்பவர் மனதில் ஓடுவது படக்காட்சி. உங்கள் வரி அதன்மேல் ஏறி நிற்க வேண்டும்.

பக்கத்திலேயே செல்வம் கிடக்க ஏன் சென்னைக்குப் போகிறீர்கள்? முல்லைத்தீவுக் கூத்தில் முல்லைமோடி என்று தனி மரபே உண்டு. மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் கூத்துகளில் வடபாங்கு, தென்பாங்கு இரண்டும் உண்டு. அருவி வெட்டுப் பாட்டுத் தெரிந்த பெரியவர்கள் சில ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். கூத்துப் பழக்கும் ஒரு அண்ணாவியாரிடம் போங்கள். மின்விசிறியை நிறுத்தி, போனை விமானப் பயன்முறையில் போட்டு, அவருக்கு முன்னால் இரண்டு சாண் தூரத்தில் துணி விரித்து வைத்துப் பதிவு செய்யுங்கள். முதலில் தாளமில்லாமல் ஒருமுறை, பிறகு தாளத்தோடு. பாட்டின் கீழ் அவர் பெயரைப் போடுங்கள், கையில் காசும் கொடுங்கள். வெற்றிலை மட்டும் கொடுத்து அனுப்புகிற பழக்கம் போதும்.

சைவ வீட்டுச் செத்தவீட்டுக்குப் போகலாமா? வாய்க்கரிசி போடச் சொன்னால்? பொங்கல் தந்தால்?
– வாசகி, புதுக்குடியிருப்பு

போங்கள். தாமதமாகப் போய்க் கடைசியில் நிற்காமல், முதல் போகும் ஆட்களில் ஒருவராகப் போங்கள். கிரியை நடக்கும்போது மரியாதையாக நில்லுங்கள். வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டால், "நான் எங்கட முறைப்படி மனசுக்குள்ள வேண்டிக்கொள்ளுறன்" என்று தாழ்ந்த குரலில் சொல்லி ஒதுங்கினால் யாரும் கோபிப்பதில்லை. அந்த இடத்தில் விளக்கம் சொல்லத் தொடங்கினால்தான் கோபிப்பார்கள். பொங்கலுக்கு 1 கொரிந்தியர் 10:27–28 நேரடியாகவே பதில் தருகிறது: வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு; இது படைத்தது என்று ஒருவர் சொன்னால், அவருடைய மனச்சாட்சிக்காக விடு. தைப்பொங்கல் அறுவடைப் பொங்கல், எத்தனையோ தேவாலய முற்றங்களில் கிறிஸ்தவர்களே பொங்குகிறார்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. உங்கள் சபையில் பிளாஸ்ரிக் கதிரை இருக்கும், ஊரில் செத்தவீட்டுக்குக் கதிரை தேவைப்படும். மரணச் சகாய நிதிச் சங்கத்திடம் போய், நாள் வாடகை இல்லாமல் 50 கதிரை எடுக்கலாம் என்று எழுதிக் கொடுங்கள். எடுப்பவர் கையொப்பம், எண்ணிக்கை, திருப்பும் நாள் என்று ஒரு கொப்பி போதும். சபையின் பெயரைக் கதிரையின் முதுகில் சிவப்புப் பெயின்றில் பெரிதாக எழுதாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் எடுக்கிற செத்தவீட்டு வீடியோ முழுக்க உங்கள் விளம்பரம் நிற்பது நன்றாக இராது. இருக்கைக்கு அடியில் சின்ன எழுத்தில் எழுதுங்கள். எண்ணி எடுக்க அது போதும்.

தேர்தலுக்கு வேட்பாளர் ஆராதனையில் சாட்சி சொல்ல நேரம் கேட்கிறார்.
– போதகர், மல்லாவி

கொடுக்க வேண்டாம். தேர்தல் காலத்தில் வழிபாட்டுக் கூட்டத்தில் வாக்குக் கேட்பது இலங்கைத் தேர்தல் சட்டப்படி குற்றம். அவர் வந்து மற்றவர்களைப்போல் கதிரையில் இருந்து பாட்டுப் பாடலாம்.

பிரசங்கம் ஆயத்தப்படுத்தச் செயற்கை நுண்ணறிவைப் பாவிக்கலாமா?
– இளம் போதகர், நெடுங்கேணி

பின்னணி தேட, எபிரேயச் சொல்லின் பொருளைப் பார்க்க, நீண்ட குறிப்பைச் சுருக்கப் பாவிக்கலாம். இரண்டு இடத்தில் கவனம். முதலாவது வசனம்: தமிழில் கேட்டால் அது வேதாகமத்தின் பழைய தமிழ்த் திருப்புதலையும் 1995இன் திருவிவிலியம் என்ற மொழிபெயர்ப்பையும் கலந்து, சில வேளை இரண்டிலும் இல்லாத வரியையும் வசன எண்ணோடு தரும். கேட்க வேதாகமத் தமிழ்போலவே இருப்பதால்தான் ஆபத்து. ஒவ்வொரு வசனத்தையும் புத்தகத்தை விரித்துச் சரிபாருங்கள். இரண்டாவது ஆட்கள்: ஆலோசனைக்கு வந்தவரின் குடும்பப் பிரச்சினையை, பெயரை மாற்றியென்றாலும், அதில் தட்டாதீர்கள். நெடுங்கேணியில் பெயரை மாற்றினாலும் ஆள் யாரென்று ஊருக்குத் தெரியும். வத்திக்கான் 2025 ஜனவரியில் இது பற்றித் தனி ஏடே வெளியிட்டிருக்கிறது. எங்கள் அனுபவத்தில் இயந்திரப் பிரசங்கத்தைச் சனம் இலகுவாகக் கண்டுபிடிக்கும்: அதில் மழை பெய்யும், ஆனால் எந்தக் குளமும் நிரம்பாது.

வெள்ள நிவாரணப் பொதி கொடுக்கிறோம். வெளிநாட்டு நன்கொடையாளர் ஒவ்வொரு பொதியிலும் துண்டுப்பிரசுரம் வைத்து, வாங்குபவரின் முகம் தெரியப் படம் அனுப்பச் சொல்கிறார்கள்.
– சபைப் பொருளாளர், பரந்தன்

இரண்டுக்கும் இல்லையென்று சொல்லுங்கள். அனர்த்த உதவிக்கென 1994இல் செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் ஏற்ற நடத்தைக் கோவையின் மூன்றாம் விதி, உதவியை ஒரு சமய அல்லது அரசியல் நிலைப்பாட்டை முன்னெடுக்கப் பாவிக்கக் கூடாது என்கிறது. 2011இல் வத்திக்கானின் பல்சமய உரையாடல் அவை, உலகத் திருச்சபைகள் மன்றம், உலக இவாஞ்சலிக்கல் கூட்டமைப்பு மூன்றும் சேர்ந்து வெளியிட்ட கிறிஸ்தவ சாட்சி பற்றிய பரிந்துரைகளும், மக்களின் வறுமையையும் தேவையையும் சுரண்டக் கூடாது என்கின்றன. நன்கொடையாளர் எந்தப் பிரிவைச் சேர்ந்தவரென்றாலும் அவர்களுடைய ஆட்களே ஒப்பமிட்ட வரி உங்கள் கையில் இருக்கிறது.

பட்டியலைச் சபையில் எழுதாதீர்கள். கிராம அலுவலரிடமும் மாதர் சங்கத்திடமும் தனித்தனியாக வாங்கி ஒப்பிடுங்கள். இரண்டிலும் உள்ள பெயர் முதலில், ஒன்றில் மட்டும் உள்ளதை நேரில் போய்ப் பார்த்து. யாருக்கு முன்னுரிமை என்று (தண்ணீர் வீட்டுக்குள் ஏறியது, கைக்குழந்தை, தனித்த முதியவர், மாற்றுத்திறனாளி) பெரிய எழுத்தில் எழுதி வாசிகசாலையில் ஒட்டுங்கள். சபைக் குடும்பங்களுக்கு முதலில் கொடுத்தால் அந்த ஒரு நாளில் ஊர் இரண்டாகும், ஒட்ட வைக்கப் பல வருடம் எடுக்கும். கொடுக்கும் இடமும் தேவாலயமாக இருக்க வேண்டியதில்லை.

கணக்குக்குப் படம் வேண்டுமென்றால் அடுக்கிய பொதிகளை எடுங்கள், ஒரு பொதியை விரித்து அரிசி 10 கிலோ, பருப்பு 1 கிலோ, சீனி 1 கிலோ, பால்மா 400 கிராம் என்று அட்டையில் எழுதி வைத்து எடுங்கள், கையொப்பத் தாளை அடையாள அட்டை இலக்கத்தை மறைத்து எடுங்கள். கடைப் பற்றுச்சீட்டையும் சேருங்கள். நன்கொடையாளருக்கு எழுதும்போது நீட்டி முழக்காமல் இப்படி எழுதலாம்: "பொதிகள் பட்டியல்படி கொடுக்கப்பட்டன. பற்றுச்சீட்டும் கையொப்பத் தாளும் இணைப்பில். வாங்கியவர்களின் முகத்தை நாங்கள் படம் எடுப்பதில்லை. அவர்கள் எங்கள் அயலவர்கள், நாளைக்கும் சந்தையில் அவர்கள் முகத்தில்தான் முழிக்க வேண்டும்."